மீடியம் வேவில் கொஞ்சம் பேச்சு வேண்டும்: பொது வானொலியை நடத்துகிறவர்களுக்குத் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

நாட்டின் பொது வானொலியில் எந்த நேரத்துக்கு எந்த நிகழ்ச்சி என்று தீர்மானிக்கிற உங்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. அதனால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் தங்கச்சிமடத்தில் ரேடியோ மெக்கானிக். கடை போர்டில் இப்போது 'செல்போன் சர்வீஸ், ரீசார்ஜ்' என்றுதான் இருக்கிறது. ஆனால் 1978-லிருந்து சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்திருப்பவன், பழக்கம் விடுமா? உள்ளே அலமாரியில் இன்னும் கேங் கண்டன்சரும் பேண்ட் சுவிட்சும் டப்பா டப்பாவாகக் கிடக்கின்றன.

போன மாசம் ஒரு நாட்டுப்படகுக்காரத் தம்பி பழைய டிரான்சிஸ்டர் ஒன்றை பாலிதீன் பையில் சுற்றிக் கொண்டுவந்தான். அவன் அப்பா வைத்திருந்தது. பின்மூடியைக் கழற்றினேன். பேட்டரி ஸ்பிரிங்கில் பச்சைக் களிம்பு. டயல் நூல் அறுந்து உருளையில் சுருண்டு கிடந்தது. வால்யூம் கண்ட்ரோலைத் திருகினால் உப்பு அரைகிற சத்தம். களிம்பைச் சுரண்டி, பெட்ரோல் தொட்டுத் துடைத்து, புது நூல் கட்டி, ஃபெரைட் கம்பியில் விட்டுப்போயிருந்த ஒரு இழையைப் பற்றவைத்தேன். ஒன்றரை மணி நேர வேலை. சுவிட்சைப் போட்டதும் கர்ரென்று உயிர் வந்தது. தம்பிக்கு முகமெல்லாம் சிரிப்பு. முள்ளை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை தள்ளினேன். உச்சிவெயில் நேரம். ஒரு இடத்தில் சினிமாப் பாட்டு, இன்னொரு இடத்தில் புரியாத மொழியில் ஏதோ, மீதியெல்லாம் இரைச்சல்.

"அண்ணே, இன்னும் ரிப்பேரு இருக்கோ?" என்று கேட்டான்.

"பெட்டியில ஒரு ரிப்பேரும் இல்லப்பா" என்று பாதிக் காசை வாங்கிக்கொண்டு அனுப்பினேன். மீதிப் பாதி யார் பொறுப்பு என்று யோசித்தபோதுதான் உங்கள் ஞாபகம் வந்தது.

உங்களிடம் நான் கேட்பது, கடல் வரை எட்டும் மீடியம் வேவில் நாள் முழுக்கத் தமிழில் பேசும் ஒரு நிலையம். இதைச் சும்மா கேட்கவில்லை. ஒரு நாள் முழுக்கப் பேச்சையே ஒலிபரப்பும் தேசிய வானொலி எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்துவிட்டு, காதால் கேட்டுவிட்டு வந்து கேட்கிறேன். என் மகள் இங்கிலாந்தின் தென்கரையில் ஒரு துறைமுக ஊரில் நர்ஸ். போன வருஷம் ஆனியும் ஆடியும் அவள் வீட்டில் இருந்தேன். காலையில் அவளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள். எனக்கென்று மிஞ்சியது ஒரு சாவி, ஒரு அடுப்பங்கரை, ஜன்னலோரத்தில் ஒரு ரேடியோ. என் இங்கிலீஷ் கேட்லாக் இங்கிலீஷ். ரெசிஸ்டர் மதிப்பும் டிரான்சிஸ்டர் நம்பரும் தாண்டி அதிகம் போகாது. ஆனாலும் மகள் வைத்த இடத்திலேயே முள்ளை விட்டுவிட்டேன். பிபிசி ரேடியோ ஃபோர். முதல் இரண்டு நாள் இரைச்சலாகத்தான் இருந்தது. ஒரு வாரத்தில் சமையலறை ஆள் மாதிரி ஆகிவிட்டது. ராத்திரி சாப்பாட்டு மேசையில் மகளிடம் கேட்டுக் கேட்டு மீதியைப் புரிந்துகொண்டேன்.

அந்த நிலையம் இந்தப் பெயரில் தொடங்கியது 1967 செப்டம்பர் 30-ல். அதற்கு முன்னும் அது வேறு பெயரில் இருந்ததுதான். பாட்டு மிகக் குறைவு. காலை ஆறு மணிக்குச் செய்தியும் விவாதமும் தொடங்கினால் ஒன்பது வரைக்கும் ஓடுகிறது. மந்திரி வந்து உட்காருகிறார், அறிவிப்பாளர் குறுக்கே விழுந்து கேட்கிறார், மந்திரி நெளிகிறார். நெளிகிற சத்தம் ரேடியோவில் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், தெரிகிறது. அப்புறம் பத்து மணிக்குப் பெண்களுக்கான நிகழ்ச்சி. 1946-லிருந்து நடக்கிறதாம். முதலில் அதை நடத்தியவர் ஒரு ஆண் என்று மகள் சொன்னதும் நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. மதியம் செய்தி, நாடகம். சாயங்காலம் மறுபடி செய்தி, ஆறரைக்கு நகைச்சுவை. ராத்திரி படுக்கப்போகும் முன் ஒருவர் ஒரு நாவலைக் கால் மணி நேரம் வாசிக்கிறார், அவ்வளவுதான், மீதி நாளைக்கு. விஞ்ஞானம், சட்டம், தோட்டம், மருந்து எல்லாம் இடையிடையே வந்து போகின்றன. எனக்கு எல்லாமே பிடித்தது என்று சொல்லமாட்டேன். சில விவாதங்கள் புளித்துப்போன கஞ்சி.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது வேறு.

ஊர் மாறி வந்த தூக்கம். நடுராத்திரி விழிப்புத் தட்டிவிடும். மகள் எழுந்துவிடக் கூடாதென்று ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு படுத்திருப்பேன். 12.48-க்கு ஒரு அம்மா வந்து நிதானமாக, அவசரமில்லாமல், ஆனால் ஒரு வார்த்தை வீணாக்காமல் எதையோ பட்டியலாக வாசித்தார். முதல் நாள் ஜெபமாலை என்று நினைத்தேன், மெய்யாகவே. இரண்டாம் நாள் 'சவுத்வெஸ்ட், ஃபோர் ஆர் ஃபைவ்' என்று காதில் விழுந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். காற்றுச் செய்தி! கடலுக்கான காற்றுச் செய்தி. நம் ஊரில் அப்போது விடிகாலை 5.18. என் மச்சான் வள்ளத்தில் வலையைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரம்.

அதற்குப் பிறகு ஒருநாளும் அதைத் தவறவிடவில்லை. பிரிட்டனைச் சுற்றியுள்ள கடலை 31 பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். வைக்கிங், டாக்கர், ஹம்பர், டோவர், வைட், ப்ளிமத் என்று கடிகாரச் சுற்றாகப் போகிறது. ஃபிஷர் என்றே ஒரு கடலுக்குப் பெயர். எங்கள் சாதியில் ஒருத்தன் அங்கேயும் பேர் வாங்கிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். முதலில் புயல் எச்சரிக்கை, அடுத்து பொது நிலவரம், பிறகு பகுதி பகுதியாகக் காற்றின் திசை, பலம், மழை, பார்வை. மொத்தமே 350 வார்த்தைக்குள்; நள்ளிரவுச் செய்திக்கு மட்டும் இன்னும் முப்பது கூடுதல். 'குட்' என்று அடிக்கடி வந்தது. கடல் நன்றாக இருக்கிறது என்று பாராட்டுகிறார்கள் போல என்று நினைத்தேன். "அப்பா, அது எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியுங்கிறது" என்றாள் மகள். அஞ்சு நாட்டிகல் மைலுக்கு மேல் தெரிந்தால் 'குட்'. ஒரு வார்த்தையில் ஒரு அளவு. காகிதமும் பென்சிலும் வைத்திருப்பவன் எழுதிக்கொள்ளும் வேகத்தில் வாசிப்பு.

இந்தப் பெயர்களில் ஒன்று ஃபிட்ஸ்ராய். அது இடத்தின் பெயர் இல்லை, ஆள் பெயர். டார்வின் உலகைச் சுற்றிய பீகிள் கப்பலின் தலைவர் அவர். 1859-ல் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் புயலில் உடைந்து நானூறுக்கு மேல் உயிர் போனபின், 1861-ல் தந்தி மூலம் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் முறையைத் தொடங்கியவர். தந்தி வந்ததும் துறைமுகக் கம்பத்தில் கூம்பை ஏற்றிவைப்பார்கள். 2002-ல் ஒரு கடல் பகுதிக்கு அவர் பெயரை வைத்தார்கள். கம்பம், கூம்பு என்று மகள் படித்துச் சொன்னபோது எனக்குப் பாம்பன் கம்பம்தான் கண்ணில் வந்தது. 'பாம்பன் துறைமுகத்தில் 3-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது' என்று நீங்கள் செய்தியில் வாசிப்பீர்களே, அதே வகையறா. பகலில் கூண்டு, ராத்திரியில் விளக்கு. ஒன்று முதல் பதினொன்று வரை எண். பத்து என்றால் பெரிய ஆபத்து எல்லோருக்கும் தெரியும். பதினொன்று என்ன என்று எங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள், பத்தைவிடப் பெரிய புயல் என்பார்கள். கிடையாது. வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். இதைக்கூட எங்களுக்கு ஒரு நிகழ்ச்சி வைத்து நீங்கள் சொல்லியிருக்கலாம்.

இன்னொரு சங்கதி. இது மெக்கானிக் பேச்சு, பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடல் செய்தி ஆதியில் ரேடியோ ஃபோரில் வரவில்லையாம். ரேடியோ டூ என்கிற பாட்டு நிலையத்தில் வந்தது. காரணம், நீண்ட அலை அந்த நிலையத்தின் கையில் இருந்தது. நீண்ட அலைதான் நடுக்கடல் வரை எட்டும். 1978 நவம்பரில் அலைவரிசைகளை மாற்றியமைத்து நீண்ட அலையை ரேடியோ ஃபோருக்குக் கொடுத்தபோது கடல் செய்தியும் கூடவே எழுந்து போனது. நான் தொழிலுக்கு வந்த அதே வருஷம். நிகழ்ச்சி எங்கே கௌரவமாக இருக்கும் என்று பார்க்கவில்லை, படகில் எங்கே கேட்கும் என்று பார்த்தார்கள். இந்த ஒரு வரிக்காகவே இந்த மடலை எழுதலாம் என்று தோன்றியது.

மீடியம் வேவ் விஷயமும் அதுதான். எஃப்.எம். கண்பார்வை மாதிரி, கோபுரம் தெரிகிற தூரம் வரைக்கும் கேட்கும், பூமி வளைந்தால் முடிந்தது. மீடியம் வேவ் தரையோடு ஒட்டிப் போகும். காய்ந்த மணலும் பாறையும் அதை உறிஞ்சிவிடும். உப்புத் தண்ணீர் காய்ந்த தரையைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் மின்சாரம் கடத்தும், அதன்மேல் அலை வழுக்கிக்கொண்டு போகும். அதனால்தான் சிறுவயதில் எங்கள் வீட்டுக்குள் கம்மிய நிலையங்கள் வள்ளத்தில் கணீரென்று கேட்டன. பின்னாளில் திருச்சியின் 936, தூத்துக்குடியின் 1053 என்று டயலில் மைப் பொட்டு வைத்திருப்பார்கள். கடலுக்கென்றே கடவுள் கொடுத்த அலை அது. பழைய டிரான்ஸ்மிட்டர் செலவு பிடிக்கிறது, மின்சாரம் தின்கிறது என்று நாடு முழுக்க அதைத்தான் ஒவ்வொன்றாக மூடிவருகிறீர்கள். கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. கரையில் இருக்கிற எல்லோருக்கும் எஃப்.எம். போதும், செல்போன் போதும். கரையில் இல்லாதவனைப் பற்றித்தான் கேட்கிறேன்.

இங்கே நீங்கள் ஒன்றைச் சொல்வீர்கள்: கடல் வானிலை அறிக்கை இப்போதே வாசிக்கப்படுகிறதே என்று. ஆமாம், காதில் விழுகிறது. 'மன்னார் வளைகுடா, தென் தமிழகக் கடலோரப் பகுதிகள் மற்றும் குமரிக்கடல் பகுதிகளில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் சூறாவளிக் காற்று வீசக்கூடும், மீனவர்கள் கடலுக்குள் செல்ல வேண்டாம்.' இது தனுஷ்கோடியிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் ஒரே மூச்சு. எங்கள் தீவை ஒருமுறை வந்து பாருங்கள். பாம்பன் பாலத்தில் நின்றால் இடக்கைப் பக்கம் ஒரு கடல், வலக்கைப் பக்கம் இன்னொரு கடல். பாக் விரிகுடாவை நாங்கள் வடகடல் என்போம், மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்போம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் காலத்தில் தென்கடல் பொங்கிக்கொண்டிருக்கும்போது வடகடல் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிடக்கும். வாடைக் காலத்தில் தலைகீழ். அதனாலேயே ஒரு கரையில் இருப்பவன் மறு கரைக்குப் படகைக் கொண்டுபோய்த் தொழில் பார்ப்பான். இரண்டுக்கும் சேர்த்து 'போகாதே' என்று ஒரே வாக்கியம் சொன்னால், நாலு தடவை போகாமல் வீட்டில் படுத்துப் பார்ப்பான். கடல் சும்மா கிடப்பதைப் பார்த்து அஞ்சாம் தடவை போய்விடுவான். அந்த அஞ்சாம் தடவைதான் அறிக்கை சரியாக இருக்கும்.

என் மச்சானுக்கு அப்படி ஒரு ஐப்பசி. மூன்று பேர் வள்ளத்தில். பகல் முழுக்கக் கொண்டல் என்கிற கீழ்காற்று மெல்ல அடித்துக்கொண்டிருந்தது, பொழுது சாய வாடைக்குத் திரும்பி ஏறிவிட்டது. பெட்டி அவர்களிடம் இருந்தது, நான் கட்டிக்கொடுத்த பெட்டிதான். கேட்டுக்கொண்டிருந்த நிலையத்தில் நேயர் விருப்பம் ஓடிக்கொண்டிருந்தது. எச்சரிக்கை அடுத்த செய்தியில் வந்தது, அதாவது ஒன்றேகால் மணி நேரம் கழித்து. வலையை அறுத்துவிட்டு வந்து சேர்ந்தார்கள். உயிருக்குச் சேதமில்லை, வலைக்குத்தான். எந்த நிலையம் என்பது இப்போது முக்கியமில்லை. பாட்டுப் போட்ட பிள்ளை மேலும் தப்பில்லை. காற்று மாறினால் பாட்டை நிறுத்தலாம் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் அதிகாரம் கொடுத்திருக்கவில்லை, அவ்வளவுதான். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது கன்னியாகுமரிப் படகுகள் பல நாள் முன்னாடியே ஆழ்கடலுக்குப் போய்விட்டிருந்தன. கரையில் மைக் கட்டிக் கத்தியது அவர்களுக்கு எப்படி எட்டும்?

'செயலி இருக்கிறதே' என்று மருமகன் சொன்னார். நல்ல பிள்ளை, கம்ப்யூட்டர் வேலை. "மாமா, எல்லாம் இப்ப போன்ல வந்திருச்சு." வந்துவிட்டது, நான்தான் அந்தப் போன்களை ரிப்பேர் பார்க்கிறேன். எத்தனை போன் உப்புத்தண்ணீரில் செத்து என் கடைக்கு வருகிறது என்று அவருக்குத் தெரியாது. கொஞ்சம் உள்ளே போனால் கோடு கோடாகக் குறைந்து சிக்னல் போய்விடும். கச்சத்தீவுப் பக்கம் நெருங்கினால் இலங்கைக் கம்பெனி 'வரவேற்கிறோம்' என்று செய்தி அனுப்பும், அது வேறு வயிற்றில் புளியைக் கரைக்கும். ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்ற அரசுக் கடல் தகவல் மையம் மீன் கூடும் இடம், அலை உயரம் எல்லாம் கணக்குப் போட்டுத் தருகிறது, அருமையான வேலை. அதைக் கடலுக்கு எடுத்துப்போக ஒரு குரல் வேண்டும். பாம்பனில் கடல் ஓசை என்ற சமுதாய வானொலி 2016-லிருந்து 90.4-ல் இதைத்தான் செய்கிறது, எங்கள் பேச்சிலேயே. ஆனால் சமுதாய வானொலிக்குச் சட்டம் அனுமதிக்கிற சக்தி 100 வாட். எங்கள் கல்யாண வீட்டு ஆம்ப்ளிஃபயர் அதைவிடப் பெரிது. அந்தப் பிள்ளைகள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள்.

தனியார் எஃப்.எம். நிலையங்களைக் கேட்கலாம் என்றால் அவர்கள் சொந்தமாகச் செய்தி வாசிக்க இந்த நாட்டில் அனுமதி இல்லை. உங்கள் செய்தியை அப்படியே அஞ்சல் செய்யலாம், அவ்வளவுதான். ஆக வானொலியில் செய்தி சொல்கிற வாய் மொத்த நாட்டிலும் உங்களுடையது ஒன்றுதான். மற்ற எல்லா வாயையும் மூடிவிட்டு, நீங்களும் பாட்டுப் போட்டால் என்ன செய்வது?

இதுவரை கடலைப் பற்றியே சொல்லிவிட்டேன். ஆனால் நான் கேட்பது ஒரு கடல் அறிக்கையை மட்டும் இல்லை. காற்றுச் செய்திக்கு மட்டும் யாரும் ரேடியோவை வாங்கமாட்டான். நாள் முழுக்கப் பெட்டி பேசிக்கொண்டிருந்தால்தான் அந்த மூன்று நிமிஷம் காதில் விழும். ஒரு முழு நாள் தமிழ்ப் பேச்சு நிலையம் கேட்கிறேன். நாட்டுக்குப் பொதுவான நிலையம் உங்களுக்குப் புதிதில்லை. 1988-லிருந்து நாக்பூரிலிருந்து ராத்திரி முழுக்கத் தேசிய அலைவரிசை நடத்தினீர்கள், 2019-ல் நிறுத்தினீர்கள். அதில் எங்கள் மொழிக்கு இடம் இல்லை என்பதால் இங்கே யாரும் அழவில்லை.

அந்த இங்கிலாந்து நிலையத்தில் ஒரு தொடர் நாடகம் வருகிறது. ஒரு கிராமம், ஒரு பண்ணைக் குடும்பம். 1951 ஜனவரி 1-லிருந்து நாடு முழுவதும் ஒலிபரப்பு, இன்னும் முடியவில்லை. தொடங்கியதே விவசாயிகளுக்குப் புது முறைகளைச் சொல்லத்தானாம், யுத்தத்துக்குப் பிந்திய உணவுப் பஞ்ச காலம். மாட்டுக்கு வியாதி என்றால் கதையில் ஒரு மாட்டுக்கு வியாதி வரும். ஏழு மணிக்கு அது தொடங்கும்போது மகளின் பக்கத்து வீட்டுக் கிழவி தோட்டக் குழாயை மூடிவிட்டு உள்ளே போவதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். இதெல்லாம் வெள்ளைக்காரன் வேலை என்று சொல்லாதீர்கள். நீங்களே செய்தவர்கள்தான். அறுபதுகளில் ஆடுதுறை 27 நெல் வந்தபோது அதைப் பயிரிடும் விதத்தை வானொலி சொல்லிச் சொல்லி, தஞ்சைப் பக்கம் அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்தது. நெல்லுக்கு உங்கள் பெயரை வைத்த ஜனம் இது. எங்களுக்கு ஒரு ரேடியோ மீன் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கதைக்குப் பஞ்சமா? ஒரு வீட்டில் அண்ணன் விசைப்படகில், தம்பி நாட்டுப்படகில். விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள். சோற்றுச் சட்டி ஒன்றுதான். தம்பி வலையை அண்ணன் படகு அறுத்துவிட்டது என்று வையுங்கள். அவ்வளவு போதும், மூன்று மாசம் ஓடும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் அண்ணன் வீட்டில் சும்மா இருப்பான், அப்போது நகைக்கடன் வரும், கல்யாணம் வரும். அக்கரையில் படகு பிடிபட்டால் வீட்டில் எப்படி இருக்கும் என்பதை டி.வி.யின் அடிவரியில் ஓடும் எழுத்து சொல்லாது. நாடகம் சொல்லும். எழுத ஆள் இல்லை என்றால் எங்கள் மீன் ஏலக்கூடத்தில் காலை ஆறு மணிக்கு மைக்கை வைத்துவிட்டுப் போங்கள்.

பெண்கள் நிகழ்ச்சியைச் சமையல் குறிப்பிலிருந்து மீட்டுத் தாருங்கள். சின்னப்பாலத்தில் பாசி எடுக்கிற அக்காமார் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து அடியில் போய்ப் பாறையைத் தடவி வருகிறார்கள். இடுப்பில் சாக்கு. ஒருத்தி மேலே வந்து விடுகிற முதல் மூச்சின் சத்தத்தை மட்டும் பதிவுசெய்து போடுங்கள், எந்த அறிமுகமும் வேண்டாம்.

அந்த நிலையத்தில் இன்னொரு பழைய நிகழ்ச்சி உண்டு, 1942-லிருந்து. உங்களை ஆளில்லாத தீவில் விட்டால் எந்த எட்டு இசைத்தட்டைக் கொண்டுபோவீர்கள் என்று பெரிய மனிதர்களைக் கேட்கிறார்கள். இதை மட்டும் இங்கே நடத்த முடியாது. எங்களிடம் 21 தீவு இருந்தது, இரண்டு கடலுக்குள் போய்விட்டன, மீதியில் கால் வைத்தால் தேசியப் பூங்கா என்று வனத்துறை அபராதம் போடும். எட்டு இசைத்தட்டையும் பறிமுதல் செய்துவிடுவார்கள்.

பேச்சுக்குக் காது இங்கே உண்டா என்று உங்களுக்குச் சந்தேகம் வரலாம். இந்தக் கரை எத்தனை வானொலியைக் கேட்டு வளர்ந்தது என்று சொல்கிறேன். காலை 7.15-க்கு டெல்லியிலிருந்து 'ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணஸ்வாமி.' அந்தக் குரலுக்கு எங்கள் தெருவே கடிகாரத்தைத் திருத்தும். ராத்திரி ஒன்பதேகால் வாக்கில் லண்டன் தமிழோசை. 2017-ல் அதன் ரேடியோ ஒலிபரப்பு நின்றபோது கடைக்கு வந்து துக்கம் விசாரித்தவர்கள் உண்டு. மாதா கோயில் பக்கம் எல்லா வீட்டிலும் மணிலாவிலிருந்து வெரித்தாஸ். எல்லாவற்றுக்கும் மேல் இலங்கை வானொலி. மயில்வாகனத்தின் குரலை என் அப்பா நடித்துக்காட்டுவார், கே.எஸ். ராஜாவின் வேகத்தை நாங்கள் நடித்துக்காட்டுவோம். பாட்டுக்காகக் கேட்டோம் என்பார்கள். பாதி உண்மை. என் அம்மா கேட்டது மரண அறிவித்தலுக்காக. அவள் சித்தி வீடு தலைமன்னாரில். யார் போனார், யாருடைய தகப்பனார், யாருடைய மாமனார், எப்போது அடக்கம் என்று அறிவிப்பாளர் நிறுத்தி நிறுத்திச் சொல்வார். கேட்டுவிட்டு அம்மா சில நாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கொல்லைப்புறம் போய் உட்கார்ந்திருப்பாள். போகவும் முடியாது, கடிதம் சேரவும் நாளாகும். துக்கத்தைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து கொடுத்தது ஒரு டிரான்ஸ்மிட்டர். அதற்கு எந்தப் பாட்டும் ஈடாகாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தினமும் விடிகாலை மூன்றரைக்கு ஒரு தடவை, சாயங்காலம் ஆறரைக்கு ஒரு தடவை. நேரம் மாறவே கூடாது. கிரிக்கெட் வந்தாலும் தேர்தல் வந்தாலும் மாறக் கூடாது. இடையில் காற்று திரும்பினால் ஓடுகிற நிகழ்ச்சியை நிறுத்திச் சொல்லும் அதிகாரம் பணியில் இருக்கும் அறிவிப்பாளருக்கு வேண்டும், மேலிடத்துக்குப் போன் போட்டுக் காத்திருக்கக் கூடாது. கடலைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். பெயர் வைக்கக் கமிட்டி வேண்டாம், எங்களிடமே இருக்கிறது. வாசிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று மச்சானும் நானும் ஒருநாள் சாயங்காலம் உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். எண்ணெல்லாம் பூஜ்யம் முதல் பன்னிரண்டு வரை காற்றின் பலத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் கணக்குத்தான்; சோழகம் என்றால் தென்காற்று:

"கடல் செய்தி. வடகடல், தொண்டி முதல் தேவிபட்டினம்: கொண்டல் மூன்று, நான்கு. மழை இல்லை. பார்வை நல்லது. வடகடல், மண்டபம் முதல் தங்கச்சிமடம்: கொண்டல் நான்கு, பொழுது சாய வாடைக்குத் திரும்பி ஐந்து. தனுஷ்கோடி, இரு கடலும்: நீரோட்டம் கடுமை. தென்கடல், பாம்பன் முதல் கீழக்கரை: சோழகம் இரண்டு, மூன்று. பார்வை நல்லது. தென்கடல், ஏர்வாடி முதல் மூக்கையூர்: சோழகம் மூன்று. இடியோடு மழை வரலாம், மழையில் பார்வை மோசம். பாம்பன் கம்பத்தில் கூண்டு இல்லை."

சத்தமாக வாசித்துக் கடிகாரம் பார்த்தோம். எழுதிக்கொள்ளும் வேகத்தில் வாசித்தும் ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலேதான் ஆனது. மச்சான், 'நீரோட்டம்' வேண்டாம், 'நீவாடு' என்று போடு, அப்போதுதான் எங்களுக்குப் புரியும் என்றான். நான், அது மற்ற ஊர்க்காரனுக்குப் புரியாது என்றேன். அதில் எங்களுக்குள் இன்னும் தீர்வு வரவில்லை. நீங்கள் எதை வாசித்தாலும் சரி.

இங்கே ராமேஸ்வரத்தில் 323 மீட்டரில் உங்கள் தொலைக்காட்சிக் கோபுரம் நிற்கிறது. டி.வி. கோபுரங்களில் நாட்டிலேயே உயரமானது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டுகிறார்கள். நடுக்கடலிலிருந்து பார்த்தாலும் அதன் உச்சி விளக்கு தெரியும். கரை எந்தப் பக்கம் என்று அதை வைத்துத்தான் திரும்புகிறார்கள். விளக்கு ஏற்கெனவே வேலை பார்க்கிறது. குரலையும் ஏற்றுங்கள்.

என் அலமாரியில் இப்போது சரிபண்ணி வைத்த மீடியம் வேவ் பெட்டிகள் ஒன்பது இருக்கின்றன. யாரும் வாங்கிப் போகவில்லை, விட்டுவிட்டுப் போனவை. ஒவ்வொன்றின் பேட்டரிப் பெட்டியிலும் வேஸ்லின் தடவி, உப்பு ஏறாமல் மூடி, டயல் நூலை இறுக்கி வைத்திருக்கிறேன். எந்த எண்ணில் வரப்போகிறீர்கள் என்று மட்டும் ஒரு கார்டு போடுங்கள், மைப் பொட்டு வைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்து ரேடியோ மெக்கானிக்